மூன்றாவது குவியல்

நான் வேலையிலிருந்து நின்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆலங்காயத்தில் வீட்டோடு இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு காலை, சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது வாணியம்பாடியிலிருந்து நஸ்ரின் போன் செய்தாள். நான் முப்பது வருடம் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. தேவையில்லாமல் போன் செய்கிறவள் இல்லை.

"அக்கா, நம்ம ஃபில்டர் எடிட்டர்ல ஒவ்வொரு கண்டிஷனுக்குக் கீழயும் 'தெரியாதவையும் சேர்த்து'ன்னு ஒரு டிக் இருக்குதில்ல? அது ஏன் எப்பவும் போட்டே வருது? வேற எந்த சாஃப்ட்வேர்லயும் இப்டி இல்ல. குழப்பமா இருக்குதுன்னு கஸ்டமருங்க சொல்றாங்க. புது வெர்ஷன்ல எடுத்துடலாம்னு இருக்கோம்."

"எடுக்காத" என்றேன்.

"ஏங்க்கா?"

குக்கர் விசில் அடித்ததைச் சாக்காக வைத்து, "அடுப்புல வேலையா இருக்கேம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"சரி, இன்னொண்ணு. உங்க டிராயர்ல ஒரு பிஸ்கட் டப்பா இருக்குது. உள்ள பத்து அட்டைச் சீட்டு, பாய் கையெழுத்து மாதிரி தெரியுது. தூக்கிப் போட்டுடலாமா?"

"அதையும் போடாத."

போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு டிக் பெட்டிக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கும் இப்படிப் பதறுகிறேனே, காரணம் கேட்டால் வாய் ஏன் அடைத்துக்கொள்கிறது? காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அதை எங்கே தொடங்கிச் சொல்வது, யார்மேல் வைத்துச் சொல்வது என்பதில் எனக்கு அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம். எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் என்ன வேலை செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், என் சொந்தக்காரர்களுக்கே அது தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்கள். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பேர் விவரம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மொழி உண்டு, அதை எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு ஜன்னல் செய்வோம். அதில் முதல் கட்டத்தில் எந்த விவரம் என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதில் சமமா, அதிகமா, குறைவா. மூன்றாவதில் எவ்வளவு. கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். எல்லா வரியும் பொருந்த வேண்டுமா, ஏதாவது ஒன்று பொருந்தினால் போதுமா என்று சொல்லலாம். பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். இந்த ஜன்னலுக்குப் பெயர்தான் ஃபில்டர் எடிட்டர். என் ஆயுளில் பாதி இதற்குள் போயிற்று.

திருப்பத்தூரில் கணக்கில் பட்டம் வாங்கினேன், ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன், வேலை தேடி அலைந்தேன். இந்த மூன்றையும் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு அன்வர் பாய் நடத்திய சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன்.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கிற ஒரு கடையின் மாடிதான் எங்கள் அலுவலகம். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஜன்னலைத் திறந்தால் வாசனை, சாத்தினால் புழுக்கம். பாய்க்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. இளம் வயதில் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவராக இருந்தவர். தோல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் புரட்டி, கட்டைவிரலால் தடவி, நல்லதை வலது பக்கம், கழித்ததை இடது பக்கம் போடுவார். முடிவில் வலது குவியலையும் இடது குவியலையும் எண்ணிக் கூட்டுவார். வந்து இறங்கிய எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு தோல் யார் கையும் படாமல் எங்கேயோ கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அதே வழக்கத்தை அவர் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு வாடிக்கையாளர் வேலைக்கும் பத்து அட்டைச் சீட்டு எழுதுவார். ஒவ்வொரு சீட்டும் ஒரு ஆளோ ஒரு சரக்கோ. நான் செய்த ஃபில்டரை நான் வாயால் படிக்க வேண்டும். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைமேல் சீட்டுகளைப் பரப்பி நிற்பார். "படி பேட்டா" என்பார், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல. நான் படிக்கப் படிக்க, பொருந்துவதை வலது பக்கமும் பொருந்தாததை இடது பக்கமும் தள்ளுவார். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பத்தையும் போட்டு, வந்த பட்டியலை வலது குவியலோடு ஒப்பிட வேண்டும். அதோடு விட மாட்டார். ஃபில்டரைத் தலைகீழாக்கி, வராதவர்களின் பட்டியலையும் எடுத்து இடது குவியலோடு ஒப்பிட வேண்டும். கடைசியாக, வாடிக்கையாளரின் முழு விவரத்திலும் வந்தது இத்தனை, வராதது இத்தனை, மொத்தம் இத்தனை என்று ஒரு தாளில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும், எனக்குக் கீழே அவர் போடுவார்.

எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. வந்தது சரியாக இருந்தால் வராததை ஏன் பார்க்க வேண்டும்? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வந்தது கண்ணு முன்னாடி நிக்குது. அதுல தப்புன்னா எவனாவது சத்தம் போடுவான்" என்றார். "வராதது சத்தம் போடாது பேட்டா. அதை நாமதான் போய்ப் பாக்கணும்."

தொடக்கத்தில் நான் நிறைய குழம்பினேன். ஒரு தோல் கம்பெனி மேஸ்திரி வெள்ளாட்டுத் தோலில் முதல் தரமும் இரண்டாம் தரமும் வேண்டும் என்று மூன்று வரி போட்டார். பட்டியலில் செம்மறியும் வந்து நின்றது. வெள்ளாடு என்கிற நிபந்தனை முதல் தரத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, இரண்டாம் தரம் தனியாகப் பிரிந்துவிட்டது. "இன்னாமா இது, ஆட்டை மாத்திட்டியே" என்று அந்த மேஸ்திரி ஒரு வருடம் என்னைக் கிண்டல் செய்தார். பாய் ஒரு பழைய உறையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு பெரிய பெட்டி போட்டு, அதற்குள் இரண்டு தரத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி போட்டுக் காட்டினார். அதையே திரையில் செய்தேன். பெட்டிக்குள் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிறிய நிறம், உள்ளே இருப்பது கொஞ்சம் தள்ளி நிற்கும். படிக்காதவர்களும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இனி என் ஃபில்டரில் யாரும் தவற மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையோடுதான் மலைக்குப் போனேன்.

ஜவ்வாது மலைமேல் ஒரு சிறிய தொண்டு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொலைவான ஊர்ப் பெண்களை ஜீப் வைத்து அழைத்துவந்து, ஆஸ்பத்திரியை ஒட்டிய ஒரு நீளமான அறையில் தங்க வைப்பார்கள். வலி எடுத்தபின் காட்டுப் பாதையில் நடக்க வேண்டாம் என்பதற்காக. பஸ் போகும் வழியில் இருக்கிறவர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். பஸ்ஸுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியவர்களுக்குத்தான் ஜீப்.

அதுவரை பட்டியல் என்று ஒன்று கிடையாது. காசி என்கிற டிரைவர் செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப் போகக்கூடிய கடைசி இடம் வரை போவார். மூன்று முறை ஹாரன் அடிப்பார். ஆள் இருந்தால் இறங்கி வருவார்கள், இல்லாவிட்டால் திரும்பிவிடுவார். பாதி நாள் வெறும் வண்டிதான் திரும்பும். டீசல் வீணாகிறது என்று ஆஸ்பத்திரியில் யோசித்தார்கள். ஏற்கெனவே நோயாளிகள் விவரம் எங்கள் புரோகிராமில் இருந்தது. அதில் ஒரு ஃபில்டர் போட்டுப் பட்டியல் எடுத்தால் ஆள் இருக்கிற ஊருக்கு மட்டும் வண்டி போகலாம் அல்லவா?

நர்ஸ் தமிழரசிக்கு நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். சந்தவாசல் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சிறியவர், ஒருமுறை சொன்னால் போதும். இரண்டே வரி. பிரசவ நாளுக்கு முப்பது நாளோ குறைவோ. பஸ் நிறுத்தத்துக்கு நடை மூன்று கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் பொருந்த வேண்டும். பட்டனை அழுத்தினோம். ஆறு பெயர் வந்தது. தமிழரசி கைதட்டினார்.

சீட்டுச் சோதனை பாக்கி இருந்தது. பத்துச் சீட்டையும் பாய் எழுதிக் கொடுத்திருந்தார், என் பையில்தான் இருந்தன. ஆனால் பட்டியல் எடுப்பதற்கு முன் தமிழரசி எல்லோருடைய நடைத் தூரத்தையும் புதிதாகப் பதிந்து முடிக்கவே மதியம் இரண்டரை ஆகிவிட்டது. கீழே இறங்கும் பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை செய்த சோதனை, ஒருமுறையும் கூட்டல் தவறியதில்லை, போட்டதோ இரண்டே இரண்டு வரி. தாளில் எண்களை உத்தேசமாக எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் பாய் அந்தத் தாளைப் பார்த்தார். "வராததையும் பாத்தியா?" என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கீழே கடையில் ஏதோ சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவர் கவனம் அங்கே இருந்தது. கேட்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, எல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மறுபடி மலைக்குப் போனேன். டீசல் மிச்சமாகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் காபி வந்தது. கிளம்பும் ஜீப்பின் பக்கத்தில் காசி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அத்திக்கொல்லப் பக்கம் இந்த வாரமும் யாருமில்லீங்களா?"

"பட்டியல்ல இருக்குதா?"

"இல்லீங்க."

"பட்டியல்ல இல்லன்னா இல்லீங்க" என்றேன்.

"இல்ல, வழக்கமா அங்க ரெண்டொருத்தர் இருப்பாங்க. ஒருவாட்டி போய் ஹாரன் அடிச்சிட்டு வந்துடட்டுங்களா?"

"வீணா எதுக்கு டீசல்? அதுக்குத்தானே இவ்ளோ பண்ணியிருக்கோம்."

அவர் தலையாட்டினார். சிரித்த மாதிரிகூட எனக்கு ஞாபகம். ஜீப் வேறு பக்கம் போயிற்று. நான் மீதிக் காபியைக் குடித்தேன்.

சனிக்கிழமை தமிழரசி அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்திக்கொல்லையிலிருந்து சென்னம்மா என்கிற பெண்ணை டோலி கட்டித் தூக்கிவந்தார்கள், இரண்டு மேடு ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது, தாய் பிழைத்துக்கொண்டாள், பட்டியலில் அவள் பெயர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை, நீங்கள் கொஞ்சம் வர முடியுமா என்றார்.

முதல் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் தமிழரசி விவரத்தைப் பதிய மறந்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அதை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபில்டர் எதுவும் இல்லாமல் முழுப் பட்டியலையும் போட்டேன். சென்னம்மா இருந்தாள். வயது, ஊர், கணவர் பெயர், ரத்தத்தின் அளவு, பிரசவ நாள், எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடை என்ற கட்டம் மட்டும் காலி.

"இது ஏன் காலியா இருக்குது?" என்றேன்.

"அந்த ஊருக்கு பஸ்ஸே இல்லீங்களே மேடம்" என்றார் தமிழரசி. "எந்த நிறுத்தத்துக்கு எத்தனை கிலோமீட்டர்னு போடறது? கேட்டா ரெண்டு மேடு தாண்டணும்ன்றாங்க. தெரியாத நம்பரை எப்டிங்க எழுதறது? தப்பாயிடுமேன்னு வுட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடை மூன்றுக்கு மேல் உள்ளவர்களைக் கொடு என்று கேட்டால், காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் கொடுக்காது. சரி, மூன்றும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்களைக் கொடு என்று கேட்டால், அப்போதும் கொடுக்காது. அதற்கு அது தெரியாத விஷயம். தெரியாததை அது இந்தப் பக்கமும் வைக்காது, அந்தப் பக்கமும் வைக்காது. வந்ததையும் வராததையும் அன்று எண்ணிக் கூட்டியிருந்தால் மொத்தத்தில் குறைந்திருக்கும். தோல் கம்பெனி விவரங்களில் எடை இல்லாத சரக்கு கிடையாது, அளவு இல்லாத தோல் கிடையாது, அதனால் இத்தனை வருடமும் இது என் கண்ணில் படவே இல்லை. மலையில் பஸ்ஸுக்குக் கொஞ்சம் தூரமான ஊர்களுக்கெல்லாம் எண் இருந்தது. எல்லாவற்றையும்விடத் தூரமான ஊர்களுக்கு எண்ணே இல்லை. யாருக்காக ஜீப்பை வைத்தார்களோ, அவர்களை மட்டும் என் ஃபில்டர் சத்தமில்லாமல் கழித்துவிட்டது.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சென்னம்மாவின் கணவர் கோவிந்தன். முப்பது வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டர் அம்மா வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க வூட்டுக்காரி பேரு உங்க மிஷின்ல இருக்குதாம்மா?" என்றார்.

சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் குனிந்து, திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சென்னம்மா. அடுத்து அவருடைய பெயர். அடுத்து ஊர்ப் பெயர்.

"இருக்குதே" என்றார்.

"இருக்குதுங்க."

"பேரு இருக்குது. ஊரு இருக்குது. அப்ப ஏன் ஜீப்பு வர்ல?"

நான் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். "இந்த இடம் காலியா இருந்துச்சுங்க. அதனால..." என்று தொடங்கினேன். அதனால் என்ன?

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அது காலியாத்தானேம்மா இருக்கும்? எங்க ஊருக்குத்தான் பஸ்ஸே இல்லியே."

பிறகு மனைவி இருந்த அறைக்குப் போய்விட்டார். பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் நான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. அவர்களுக்கு இல்லாத பஸ்.

தமிழரசி அழுதார். "நான் ஏதாச்சும் ஒரு நம்பர் போட்டிருக்கணும் மேடம்" என்றார். நீங்கள் பொய் எழுதவில்லை, அதில் என்ன தப்பு என்றேன். காசி வந்தார். "நான் பழையபடி போய் ஹாரன் அடிச்சிருக்கணுங்க" என்றார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை நான் சொன்ன வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் கொஞ்சமாவது திருப்பிப் பேசியிருப்பேன். சொல்லாமல் விட்டது எனக்குத் தாங்கவில்லை.

வாணியம்பாடிக்குத் திரும்பி பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உத்தேசமாக எண் எழுதியதை, காசியிடம் சொன்னதை, ஒன்று விடாமல். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு பத்து அட்டை எடுத்து, அவரே புதிதாக எழுதினார். மூன்றில் நடைத் தூரத்தை எழுதாமல் விட்டார். என்னிடம் நீட்டினார்.

"கம்ப்யூட்டர் எப்டிப் பாக்குமோ அப்டிப் பிரி" என்றார்.

நான்கு வலது பக்கம் போயிற்று. மூன்று இடது பக்கம். மூன்று என் கையிலேயே நின்றன.

"கையில இருக்கிறது எந்தக் குவியல்?"

"ரெண்டும் இல்ல பாய்."

"மண்டியில இதை மூணாவது குவியல்னு சொல்லுவோம். இன்னும் பாக்காத தோல். அதை நல்லதுன்னும் சொல்லக்கூடாது, கழிச்சதுன்னும் சொல்லக்கூடாது. எடுத்து மறுபடி மேஜைமேல வெக்கணும்" என்றார். பழைய சோதனைத் தாளை எடுத்துத் தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "நீ பாக்காம போட்டே. நான் கேக்காம போட்டேன். நின்னுட்டா யாரு இதை சரி பண்றது?"

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், மன்னிப்பார் என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவர் இரண்டும் செய்யவில்லை. அது தண்டனையா மன்னிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பத்துச் சீட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் டிராயரில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எங்கள் எடிட்டரில் அந்த டிக் வந்தது. ஒவ்வொரு நிபந்தனைக்குக் கீழும் 'தெரியாதவையும் சேர்த்து'. எடுத்தால்தான் போகும், தானாகப் போகாது. பட்டியலின் அடியில் மூன்று எண் வரும்: பொருந்தியவை, பொருந்தாதவை, தெரியாதவை. மூன்றையும் கூட்டினால் மொத்தம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் முதல் முறை மலையில் அதைப் போட்டபோது பட்டியல் மூன்று பக்கத்துக்கு நீண்டது. பிரசவ நாள் எழுதாத கிழவர்கள், காய்ச்சலுக்கு வந்த பிள்ளைகள், பஸ் நிறுத்தத்துக்கு எதிர் வீட்டில் இருந்தும் விவரம் பதியாதவர்கள், எல்லோரும் ஜீப் ஏற வந்துவிட்டார்கள். காலியை வெளியே விட்டால் ஒரு தப்பு, உள்ளே விட்டால் இன்னொரு தப்பு. இந்த ஜன்னலெல்லாம் வருவதற்கு முந்தைய எங்கள் பழைய கறுப்புத் திரை புரோகிராமில் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்திருந்தால் அத்திக்கொல்லையில் வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கிறது என்று ஆகியிருக்கும். காலி இடத்தில் தொண்ணூற்றொன்பது என்று போட்டுக்கொள்ளலாமே என்று தமிழரசியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம் மேடம்" என்றார். "தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும். மூணு பக்கம் வந்தா இன்னா, நான் பேனாவால அடிச்சிக்கிறேன். அடிக்கிறப்ப ஒவ்வொரு பேரையும் படிக்கிறேனில்ல?"

அவர் அப்படித்தான் செய்தார். திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்து, பெயரைப் படித்துப் படித்து அடித்தார். அடிக்க முடியாதவற்றைக் காசியிடம் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து சென்னம்மா ஜீப்பில் வந்து அந்த நீளமான அறையில் தங்கி ஒரு பெண் குழந்தை பெற்றாள். அந்த முறையும் அவள் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

தப்பு யாருடையது? தெரியாததை எழுதாத தமிழரசியுடையது இல்லை. காசியுடையது இல்லவே இல்லை. பாய் தன் பங்கை எடுத்துக்கொண்டார். அப்படிப் பங்கு போட்டுப் பார்த்தாலும் என் பங்கு குறையவில்லை. பஸ் விடாதவர்களைச் சொல்லலாமா என்றும் யோசித்திருக்கிறேன். சொல்லலாம்தான். ஆனால் "பட்டியல்ல இல்லன்னா இல்லீங்க" என்று சொன்ன வாய் என்னுடையது.

இதையெல்லாம் எழுதி முடித்து, நஸ்ரினுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கடைசியில், "புதுசுல இந்த ஜன்னலே கிடையாதுக்கா. கஸ்டமர் என்ன வேணும்னு ஒரு வரியில டைப் பண்ணா போதும், ஃபில்டரை அதுவே போட்டுக்கும். அதுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றாள். இருக்கலாம் என்றேன். எனக்குப் புதுசைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிக்கை வை என்றோ எடு என்றோ சொல்ல நான் யார்?

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். போனில், கீழே கடையில் சரக்கு இறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பத்து சீட்டையும் புது வெர்ஷன்ல ஏத்தினேன். மூணு கிலோமீட்டருக்கு மேல யாருன்னு கேட்டேன், நாலு பேர் வந்தாங்க. மத்தவங்க யாருன்னு கேட்டேன், மூணு பேர் வந்தாங்க."

அவள் எதையோ எண்ணுவது கேட்டது, அட்டை மேஜையில் படும் சத்தம். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"மிச்சம் மூணு பேர் எங்கக்கா போனாங்க?"